மட்டக் குதிரைக்கு ஏற்ற சேணம்

புதுச் செருப்பு கடித்தால் உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பீர்கள். அதற்குப் பிறகும் கடித்தால் கடைக்காரரிடம் கொண்டுபோய் வேறு அளவு கேட்பீர்கள். குதிரைக்கு அந்த வசதி இல்லை. அதன் முதுகில் ஏறும் சேணத்தைத் தேர்ந்தெடுப்பவன் மனிதன். விலை கொடுப்பவனும் அவனே. மேலே உட்கார்ந்து பார்த்து, "நன்றாக இருக்கிறது" என்று சொல்பவனும் அவனே. சேணத்தின் அடிப்பக்கம் எப்படி இருக்கிறது என்பதை அறிந்த உயிரோ வாய் பேசாதது.

சேணத்துக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. மேல்பக்கம் மனிதனுக்கு உரியது. கீழ்ப்பக்கம் குதிரைக்கு உரியது. மேல்பக்கத்தின் வசதிகள் வரலாற்றில் விரைவாகப் பெருகின. கீழ்ப்பக்கத்தைப் பற்றிய அறிவு மெல்ல மெல்லத்தான் வளர்ந்தது. அந்த அறிவு கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடம், குழந்தைகள் ஏறுகின்ற மட்டக் குதிரையின் முதுகு. அந்தக் கதையை இங்கே காண்போம்.

முதுகின் அமைப்பு

குதிரையின் முதுகு மேசைப் பலகையைப் போன்றதன்று. குதிரைக்குப் பொதுவாக 18 மார்பு முள்ளெலும்புகளும், அவற்றோடு இணைந்த 18 இணை விலா எலும்புகளும் உண்டு. ஒவ்வொரு முள்ளெலும்பிலிருந்தும் ஒரு முள் மேல்நோக்கி நிற்கிறது. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் இந்த முட்கள் மிக நீளமானவை. அங்கே தெரியும் மேட்டைத் தோள்மேடு என்று சொல்லலாம். அந்த மேட்டின் மீது தோலுக்கும் எலும்புக்கும் இடையே சதை மிகக் குறைவு. எனவே அங்கே பாரம் அழுந்தக் கூடாது. முதுகின் நடுக்கோட்டிலும் அழுந்தக் கூடாது.

முன்புறத்தில் இன்னொரு தடை இருக்கிறது. நமக்கு இருப்பதுபோல் குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. அதன் தோள்பட்டை எலும்பு உடலோடு தசைகளால் மட்டுமே பிணைக்கப்பட்டிருக்கிறது. முன்னங்காலை நீட்டி வைக்கும்போதெல்லாம் அந்த எலும்பின் மேல்விளிம்பு பின்னோக்கி நகர்கிறது. சேணம் அந்த வழியில் இருந்தால் ஒவ்வோர் அடியிலும் இடிக்கும். பின்புறத்தில் கடைசி விலா எலும்பு ஓர் எல்லை. அதற்கு அப்பால் இடுப்புப் பகுதியில் பாரத்தைத் தாங்க விலா எலும்புகள் இல்லை.

இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தால் எஞ்சுவது என்ன? முதுகெலும்பின் இருபுறமும் நீண்டோடும் தசைகளின் மீது இரண்டு பட்டைகள் மட்டுமே. சேணம் தன் பாரம் முழுவதையும் அந்த இரு பட்டைகளில் சமமாகப் பரப்ப வேண்டும்.

ஏன் பரப்ப வேண்டும் என்பதற்குச் சிறிய கணக்கு ஒன்று போதும். 25 கிலோ எடையுள்ள குழந்தையும் 5 கிலோ எடையுள்ள சேணமும் சேர்ந்தால் 30 கிலோ. அது 1,000 சதுர சென்டிமீட்டர் பரப்பில் சமமாகப் பரவினால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் பாரம். இது பாதரச அளவில் ஏறக்குறைய 22 மில்லிமீட்டர். சேணம் பொருந்தாமல் பாதிப் பரப்பை மட்டும் தொட்டால் அழுத்தம் 44 மில்லிமீட்டர் ஆகிவிடும். தோலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தந்துகிக் குழாய்களில் உள்ள அழுத்தத்தை 1930-இல் லாண்டிஸ் என்ற அறிஞர் மனிதரின் விரல்களில் அளந்தார். தமனிப் பக்க முனையில் அது சுமார் 32 மில்லிமீட்டர் இருந்தது. வெளியிலிருந்து வரும் அழுத்தம் இந்த அளவைத் தாண்டி நெடுநேரம் நீடித்தால் தந்துகிகள் நசுங்கி, இரத்தம் தடைப்படும். முதலில் வலி, பிறகு வீக்கம், கடைசியில் புண். துள்ளு நடையில் குதிரை ஓடும்போது ஒவ்வொரு துள்ளலிலும் முதுகில் விழும் விசை, ஏறியிருப்பவரின் எடையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு ஆகிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

துணியும் மெத்தையும்

பழங்காலக் கிரேக்கர்கள் வெறும் முதுகிலோ, ஒரு துணி விரிப்பின் மீதோ உட்கார்ந்து சவாரி செய்தார்கள். கி.மு. நான்காம் நூற்றாண்டில் செனோபோன் என்ற கிரேக்கப் படைத்தலைவர் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். முதுகெலும்பு இருபுறத் தசைகளுக்கு நடுவே தாழ்ந்திருக்கும் குதிரையே உட்கார மென்மையானது என்று அவர் அதில் கூறுகிறார். விரிப்பு எப்படித் தைக்கப்பட வேண்டும் என்பதற்கும் இரண்டு நிபந்தனைகள் விதிக்கிறார். வீரன் உறுதியாக உட்கார அது உதவ வேண்டும். குதிரையின் முதுகையும் அது புண்படுத்தக் கூடாது. சேணத்தின் இரு பக்கங்களையும் அவர் அன்றே கண்டுகொண்டார் எனலாம்.

துணிக்கு அடுத்த படி, திணித்த மெத்தை. சீனாவின் வடமேற்கே துருபான் பகுதியில் உள்ள யாங்காய் இடுகாட்டில், ஒரு பெண்ணின் கல்லறையில் தோல் சேணம் ஒன்று கிடைத்தது. அதன் காலம் கி.மு. 724-க்கும் 396-க்கும் இடைப்பட்டது என்று 2023-இல் அறிவித்தார்கள். மாட்டுத்தோலால் தைத்த இரண்டு மெத்தைகள். உள்ளே வைக்கோலும் மான் மயிரும் ஒட்டக மயிரும் திணிக்கப்பட்டிருந்தன. இரண்டு மெத்தைகளுக்கும் நடுவே ஓர் இடைவெளி விடப்பட்டிருந்தது. முதுகெலும்பின் மீது பாரம் விழக் கூடாது என்ற பாடத்தை அதைத் தைத்தவர் அறிந்திருந்தார் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

சைபீரியாவின் அல்தாய் மலைகளில் உள்ள பாசிரிக் மேடுகளிலும் இத்தகைய சேணங்கள் கிடைத்தன. சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் தலைவர்களோடு புதைக்கப்பட்ட குதிரைகளும் அவற்றின் அணிகலன்களும் பனியில் உறைந்து கெடாமல் இருந்தன. 1929-இல் தொடங்கி 1940-களின் இறுதிவரை சோவியத் அறிஞர்கள் அவற்றைத் தோண்டி எடுத்தார்கள். மயிர்க்கம்பளத்தாலும் தோலாலும் ஆன, வண்ண வேலைப்பாடு நிறைந்த அந்தச் சேணங்களை இன்றும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் காணலாம்.

எலும்புகள் கூறும் சான்று

இவ்வளவு அழகான மெத்தைச் சேணங்கள் குதிரைக்கு நல்லவையாக இருந்தனவா? குதிரைகளிடம் கேட்க முடியாது. ஆனால் அவற்றின் எலும்புகளிடம் கேட்கலாம். அதே அல்தாய்ப் பகுதியில் ஆக்-அலாக்கா என்ற இடத்தில் கிடைத்த, அதே காலத்தைச் சேர்ந்த குதிரைகளின் முதுகெலும்புகளை மார்ஷா லெவின் என்ற தொல்லியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து, 2000-இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

முதுகின் பின்பாதியில் உள்ள மார்பு முள்ளெலும்புகளில் வெடிப்புகள் இருந்தன. ஒன்றோடொன்று உரசிய முட்கள் இருந்தன. புதிதாக வளர்ந்த எலும்புக் கரடுகளும் இருந்தன. யாரும் ஏறாமல் திறந்தவெளியில் வாழ்ந்த எக்ஸ்மூர் மட்டக் குதிரைகளின் எலும்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவற்றில் இத்தகைய சேதம் பெரும்பாலும் இல்லை. மெத்தைச் சேணத்தில் அமர்ந்தவரின் பாரம் ஒரே இடத்தில் இறங்கியதே காரணம் என்பது அவர்கள் கருத்து. மெத்தை மென்மையானதுதான், ஆனால் மென்மை வேறு, பாரத்தைப் பரப்புதல் வேறு. பஞ்சு மெத்தையில் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம் மட்டும் அமுங்குவதை நீங்கள் கண்டிருப்பீர்கள்.

மரச்சட்டம் வந்தது

அடுத்த பெரிய மாற்றம், சேணத்தின் உள்ளே வைத்த மரச்சட்டம். முதுகின் இருபுறமும் இரண்டு பலகைகள். அவற்றை முன்னும் பின்னும் இணைக்கும் இரண்டு வளைவுகள். இந்த அமைப்பு முதுகெலும்புக்கு மேல் பாலம்போல நிற்கிறது. பாரம் பலகைகளின் வழியாக இருபுறத் தசைகளுக்கும் பரவுகிறது. மங்கோலியாவின் மேற்கே ஒரு குகைக் கல்லறையில் கிடைத்த பிர்ச் மரச் சேணம், கி.பி. நான்காம் அல்லது ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பல மரத்துண்டுகளை ஆணியடித்து இணைத்து, கறுப்பு வண்ணமும் சிவப்பு விளிம்பும் தீட்டியிருந்தார்கள்.

அங்கவடியும் ஏறக்குறைய இதே காலத்தில்தான் பரவியது. நம் நாட்டுச் சாஞ்சிச் சிற்பங்களில் வீரனின் கால் ஒரு வளையத்துக்குள் நுழைந்திருப்பதைக் காணலாம். அவை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. ஆனால் இருபுறமும் தொங்கும் உறுதியான அங்கவடி இணை, கி.பி. 415-இல் இறந்த பெங் சுபு என்ற சீனப் பிரபுவின் கல்லறையில் கிடைத்திருக்கிறது. அங்கவடியில் கால் ஊன்றி நிற்கும்போது உடலின் பாரம் முழுவதும் இரண்டு வார்களில் இறங்குகிறது. மரச்சட்டம் இல்லாவிட்டால் அந்த வார்கள் குதிரையின் முதுகை அறுத்துவிடும். மனிதனின் வசதியும் குதிரையின் பாதுகாப்பும் ஒரே கருவியில் சேர்ந்தது இவ்வாறுதான்.

ஆயினும் மரச்சட்டம் ஒரு புதிய சிக்கலைக் கொண்டுவந்தது. மெத்தை எந்த முதுகிலும் ஓரளவு படிந்துவிடும், மரம் படியாது. ஒரு குதிரைக்கு அளவெடுத்துச் செய்த சட்டம் இன்னொரு குதிரைக்குப் பொருந்தாது. குறுகிய சட்டத்தை அகன்ற முதுகில் வைத்தால் இருபுறமும் கவ்விப் பிடிக்கும். அகன்ற சட்டத்தைக் குறுகிய முதுகில் வைத்தால் முன்வளைவு தாழ்ந்து தோள்மேட்டில் இடிக்கும். பொருத்தம் என்ற கேள்வி இப்போதுதான் கூர்மையடைந்தது.

படைகள் கற்ற பாடம்

இந்தக் கேள்விக்கு அதிக விலை கொடுத்தவை குதிரைப் படைகள். ஆயிரக்கணக்கான சேணங்களை ஒரே அச்சில் செய்து, வெவ்வேறு உடலமைப்புள்ள குதிரைகளின் மீது போட்டால் என்ன ஆகும்? அமெரிக்கப் படை 1859-இல் ஏற்றுக்கொண்ட மெக்லெல்லன் சேணத்தின் நடுவில் நீண்ட திறப்பு ஒன்று இருந்தது. முதுகெலும்புக்கு அது நல்லதே. ஆனால் போர்க்களத்தில் தீனி குறைந்து குதிரை மெலிந்தால், நேற்றுவரை பொருந்திய சேணம் இன்று பொருந்தாது.

பிரிட்டிஷ் படையின் கால்நடை மருத்துவர் பிரெடெரிக் ஸ்மித், சேணங்களையும் முதுகுப் புண்களையும் பற்றி மட்டுமே 1891-இல் ஒரு கையேடு எழுதினார். முதுகுப் புண்ணைக் குதிரையின் குறையாகப் பார்க்காமல், சேணத்தின் குறையாகப் பார்த்து ஆராய்ந்த நூல் அது. அதற்குப் பின் 1899 முதல் 1902 வரை நடந்த தென்னாப்பிரிக்கப் போரில் பிரிட்டிஷார் இழந்த குதிரைகள் 3 இலட்சத்து 26 ஆயிரத்துக்கும் மேல். பசியும் ஓய்வின்மையும் நோயும் முக்கியக் காரணங்கள். மெலிந்த முதுகில் அழுந்திய சேணங்களும் அந்தத் துன்பத்தில் பங்கு கொண்டன. 1912-இல் அந்தப் படைக்கு வந்த புதிய சேணத்தில் பக்கப் பலகைகள் எஃகு வளைவுகளோடு கீல் வைத்து இணைக்கப்பட்டன. முதுகின் சாய்வுக்கு ஏற்பப் பலகைகள் தாமே திரும்பிப் படியும். அதன் கீழே கம்பளியை மடித்துப் போட்டு, குதிரை மெலிந்தால் மடிப்பைக் கூட்டிக்கொள்வார்கள். குதிரையின் முதுகு மாறாத பொருள் அல்ல என்பதைப் படைகள் இவ்வாறு பெரும் விலை கொடுத்துக் கற்றன.

மட்டக் குதிரையின் நிலை

இனி மட்டக் குதிரைக்கு வருவோம். ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்துத் தீவுகளின் மட்டக் குதிரையை உதாரணமாகக் கொள்ளலாம். அதன் உயரத்துக்கு இன விதிகள் வைத்திருக்கும் உச்சவரம்பு 42 அங்குலம், அதாவது 107 சென்டிமீட்டர். நான்கு வயதுக் குழந்தை நின்றால் ஏறக்குறைய அதன் முதுகு மட்டத்துக்கு இருக்கும். அந்தத் தீவு மக்கள் அடுப்பெரிக்கும் கரிமண்ணைச் சதுப்பு நிலத்திலிருந்து இதன் முதுகில் ஏற்றிவந்தார்கள். அதற்கென்று கிளிபர் என்ற மரப் பொதிச்சேணம் இருந்தது. முதலில் வைக்கோலால் முடைந்த பாய். அதன் மேல் கிளிபர். அதன் இருபுறமும் வைக்கோல் கூடைகள். அந்த ஏழை உழவர்கள் எந்த உடலியல் நூலையும் படித்ததில்லை. ஆயினும் பாய், இரண்டு பலகைகள், நடுவில் இடைவெளி என்ற அமைப்பை அவர்கள் விடவில்லை. குதிரையின் முதுகு புண்ணானால் குளிர்காலத்துக்கு எரிபொருள் வந்து சேராது அல்லவா?

1842-இல் பிரிட்டனில் வந்த சட்டம், பெண்களும் 10 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களும் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வேலை செய்வதைத் தடுத்தது. தாழ்ந்த சுரங்கப் பாதைகளில் வண்டி இழுக்க அதன் பின் மட்டக் குதிரைகளின் தேவை பெருகியது. குழந்தை விட்டுவந்த இடத்துக்கு அவை போயின என்றே சொல்லலாம். பூமிக்கு மேலே வசதியுள்ள வீடுகளில் அதே இனம் குழந்தைகளின் சவாரிக் குதிரையாக வளர்ந்தது. நடை பழகும் வயதுக் குழந்தைகளுக்காகப் பிரம்புக் கூடை இருக்கைகளை மட்டக் குதிரையின் முதுகில் கட்டினார்கள். சற்று வளர்ந்த குழந்தைகளுக்கு மயிர்க்கம்பளத்தால் ஆன எளிய சேணம். 1929-இல் பிரிட்டனில் போனி கிளப் தொடங்கியபின், நடுத்தரக் குடும்பங்களிலும் இந்தப் பழக்கம் பரவியது.

ஆனால் சேணத்தைப் பொறுத்தவரை மட்டக் குதிரைக்குக் கிடைத்தது பெரும்பாலும் மீந்ததுதான். சிறிய குதிரை, சிறிய குழந்தை, சில ஆண்டுகளே பயன்படப்போகும் பொருள். அதற்கு ஏன் அதிகச் செலவு என்ற எண்ணம் இயல்பாக எழுந்தது. உண்மையில் சேணம் பொருத்துவதற்கு மிகக் கடினமான முதுகு அதனுடையதே. காரணங்களைப் பாருங்கள்.

முதலாவது, அதன் உடல் பீப்பாய்போல உருண்டது; தோள்மேடு மிகத் தாழ்ந்தது. உயர்ந்த தோள்மேடு சேணம் பக்கவாட்டில் புரளாமல் தடுக்கும். இங்கே அந்தத் தடை இல்லாததால் சேணம் குழந்தையோடு சேர்ந்து வயிற்றுப் பக்கம் சுழன்றுவிடலாம். அதைத் தடுக்க வயிற்றுவாரை மேலும் மேலும் இறுக்குவார்கள்; குதிரை மூச்சுவிடச் சிரமப்படும். இரண்டாவது, வயிறு பெருத்து முன்புறம் ஒடுங்கியிருப்பதால் வயிற்றுவார் முன்னோக்கி நழுவும். அதோடு சேணமும் தோளின் மீது ஏறிவிடும். இதனால்தான் வாலின் அடியில் ஒரு வளையவாரைக் கோத்துச் சேணத்தின் பின்புறத்தோடு கட்டும் வழக்கம் உண்டாயிற்று. மூன்றாவது, முதுகின் நீளம் மிகக் குறைவு. "வளர்கிற பிள்ளை" என்று பள்ளிச் சட்டையை ஓர் அளவு கூட்டித் தைப்பதுபோல, பெற்றோர் பெரிய சேணமாக வாங்கினால் அது கடைசி விலா எலும்பைத் தாண்டி இடுப்பில் அழுந்தும். நான்காவது, புல் செழித்த பருவத்தில் இந்தச் சிறு உருவம் மிக விரைவாகப் பெருத்துவிடும். குதிரைகளின் முதுகு அளவு ஓராண்டுக்குள்ளேயே குறிப்பிடத்தக்க அளவு மாறுகிறது என்று இங்கிலாந்தில் லைன் கிரீவ், சூ டைசன் என்ற மருத்துவர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

பொருத்தம் பார்ப்பது எப்படி?

குதிரையைச் சமதரையில் நிற்க வைத்து, விரிப்பு எதுவும் போடாமல் சேணத்தை மட்டும் தோள்மேட்டின் மீது சற்று முன்னே வைத்துப் பின்னோக்கி நகர்த்த வேண்டும். அது தானாக நிற்கும் இடமே அதற்குரிய இடம். பிறகு கீழ்க்கண்டவற்றைப் பார்க்க வேண்டும்.

சேணத்தின் சட்டம் தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் இரண்டு விரல் அகலம் தள்ளியிருக்க வேண்டும். குழந்தை ஏறி அமர்ந்த பிறகும் தோள்மேட்டுக்கும் முன்வளைவுக்கும் இடையே இரண்டு அல்லது மூன்று விரல்கள் நுழைய வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் நடு இடைவெளியின் வழியே முன்புற வெளிச்சம் தெரிய வேண்டும். அடி மெத்தைகளின் கீழே கையை விட்டுத் தடவிப் பார்த்தால், முன்னிருந்து பின்வரை ஒரே சீராகப் படிந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் மட்டும் தொட்டு நடுவில் இடைவெளி இருந்தால், பாரம் முழுவதும் நான்கு மூலைகளில் இறங்குகிறது என்று பொருள். இருக்கையின் மிகத் தாழ்ந்த இடம் நடுவில் இருக்க வேண்டும். அது பின்னோக்கிச் சாய்ந்தால் சட்டம் குறுகியது. முன்னோக்கிச் சாய்ந்தால் சட்டம் அகன்றது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

தடித்த விரிப்பைப் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் எண்ணுவார்கள். சட்டம் ஏற்கெனவே குறுகியதாக இருந்தால், கடிக்கிற செருப்புக்குள் இன்னொரு காலுறை போடுவது போன்றதுதான் அது.

சவாரி முடிந்தபின் சேணத்தை எடுத்துப் பாருங்கள். வியர்வையால் நனைந்த முதுகில் ஒரு சிறு இடம் மட்டும் உலர்ந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். கறுப்பு அல்லது செந்நிறக் குதிரையின் தோள்மேட்டின் அருகே வெள்ளை மயிர்த் திட்டு தெரிந்தால், அங்கே முன்பு ஏற்பட்ட அழுத்தக் காயம், மயிருக்கு நிறம் தரும் செல்களை அழித்துவிட்டது என்று அறியலாம். சேணம் எப்போதும் ஒரே பக்கமாக நழுவினால் குற்றம் சேணத்தின் மீதே இருக்க வேண்டும் என்பதில்லை. பின்னங்காலில் வலியுள்ள குதிரையிலும் சேணம் ஒரு பக்கம் நழுவும் என்று மேலே சொன்ன இரு மருத்துவர்களும் கண்டறிந்திருக்கிறார்கள்.

இதில் குழந்தையின் நலமும் அடங்கியிருக்கிறது. வயிற்றுவாரை இறுக்கும்போது கடிக்க வருவதும், காதை மடக்குவதும், வாலைச் சுழற்றுவதும், திடீரென்று நின்றுவிடுவதும் மட்டக் குதிரையின் பிடிவாதம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டன. சூ டைசன் 2018-இல் இத்தகைய 24 நடத்தைகளைத் தொகுத்து ஓர் அட்டவணை வெளியிட்டார். ஏறிச் செலுத்தும் குதிரை அவற்றில் 8 அல்லது அதற்கு மேல் காட்டினால், அதற்கு எலும்பிலோ தசையிலோ வலி இருக்கக்கூடும் என்பது அவர் கண்ட முடிவு. வலியில் துள்ளும் குதிரையிலிருந்து விழுவது குழந்தைதான். பிடிவாதம் என்று சொல்லி அந்தக் குழந்தையின் கையில் ஒரு பிரம்பையும் கொடுத்தால், அது கற்றுக்கொள்ளும் பாடம் என்னவாக இருக்கும்?

இன்று சேணத்தின் அடியில் மின்னணு உணர்விகள் பதித்த விரிப்பை வைத்து, ஓடும் குதிரையின் முதுகில் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்பதைத் திரையில் வண்ணங்களாகக் காண முடிகிறது. செனோபோன் சொன்ன இரண்டாவது நிபந்தனையைச் சோதிக்க இப்போது கருவி கிடைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கருவி எல்லோரிடமும் இல்லை. கையும் கண்ணும் எல்லோரிடமும் உண்டு. உதகையிலோ கொடைக்கானலிலோ குழந்தையை மட்டக் குதிரையில் ஏற்றும் முன், நீங்களும் ஒரு நிமிடம் நின்று அதன் தோள்மேட்டைப் பாருங்கள். அங்கே புண்ணோ வீக்கமோ இருந்தால் குழந்தைக்கு அதைக் காட்டி, காரணத்தைச் சொல்லி, அன்றைய சவாரியை விட்டுவிடலாம். குதிரையின் முதுகைப் பார்க்கக் குழந்தைக்குக் கற்றுக்கொடுக்க அதுவே நல்ல தருணம்.